டர்போ மாற்றியும் டீசல் கார் தயங்குகிறதா? லேப்டாப்பில் காரணம் கண்டுபிடிப்போம்

கம்ப்யூட்டர் என்றதும் மானிட்டரும் கீபோர்டும்தான் நம் நினைவுக்கு வரும். ஆனால் வீட்டு வாசலில் நிற்கும் டீசல் காருக்குள்ளும் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. எஞ்சினுக்கு எவ்வளவு டீசல் தர வேண்டும், டர்போ எவ்வளவு காற்றை அழுத்தித் தர வேண்டும் என்று நொடிக்கு நொடி கணக்குப் போடுவது அதுதான். இதை இ.சி.யூ. என்பார்கள். நீங்கள் புதிதாக வாங்கிய லேப்டாப்பை இந்த இ.சி.யூ.வுடன் பேச வைக்கலாம். அப்படிப் பேச வைத்து ஒரு பழுதின் காரணத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்று இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

நாம் எடுத்துக்கொள்ளும் பழுது, டர்போ மாற்றிய பிறகும் வண்டி தயங்குவது. கள்ளக்குறிச்சிப் பக்கம் டீசல் கார் வைத்திருப்பவர்களுக்கு இது நன்றாகப் புரியும். சேலம் - உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலையில் சீராக ஓடும்போது தெரியாத குறை, கச்சிராயபாளையம் தாண்டி வெள்ளிமலைக்கு ஏறும்போது தெரிந்துவிடும். வளைவில் இரண்டாவது கியரில் திரும்பி ஆக்ஸிலேட்டரை மிதித்தால் வண்டி ஒன்றிரண்டு விநாடி யோசிக்கும். பிறகு திடீரென்று இழுக்கும். பின்னால் பஸ் ஏறி வருகிறது, வண்டியில் குடும்பம் இருக்கிறது என்றால் அந்த இரண்டு விநாடி சாதாரணமானதல்ல.

மாருதி 2020-ல் டீசல் கார் தயாரிப்பதை நிறுத்தியது. இந்தியாவில் கார் தயாரிப்பதை நிறுத்துவதாக ஃபோர்டு 2021-ல் அறிவித்தது. அவர்கள் விற்ற ஸ்விஃப்ட், ஃபிகோ, ஈகோஸ்போர்ட் போன்ற டீசல் கார்கள் இன்றும் ஏராளமாக ஓடுகின்றன. வயதாக ஆக இவற்றில் டர்போ மாற்றும் வேலை வருகிறது. பல ஆயிரம் ரூபாய் செலவு செய்து மாற்றிய பிறகும் பழைய தயக்கம் போகவில்லை என்றால், "இந்த டர்போவே சரியில்லை, வேறொன்று போட்டுப் பார்க்கலாம்" என்ற பேச்சு வரும். அங்கேதான் நீங்கள் நிறுத்த வேண்டும். புது டர்போ போட்ட பிறகு வரும் தயக்கத்துக்குப் பல நேரங்களில் டர்போ காரணமாக இருப்பதில்லை. அதைக் கழற்றி மாட்டும்போது கைபட்ட ஹோஸோ, கிளாம்போ, வயரோ காரணமாக இருக்கும். அல்லது பழைய டர்போ கெடுவதற்கு முன்பே இருந்த வேறு குறையாக இருக்கும். எது என்பதை ஊகத்தில் சொல்ல வேண்டியதில்லை. எண்களே சொல்லிவிடும்.

டர்போ என்ன செய்கிறது?

எஞ்சினிலிருந்து வெளியேறும் சூடான புகை ஒரு சிறிய விசிறியைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் இன்னொரு விசிறி இருக்கிறது. அது வெளிக்காற்றை உறிஞ்சி, அழுத்தி, எஞ்சினுக்குள் அனுப்புகிறது. காற்று அதிகம் போனால் டீசலும் அதிகம் எரியும், சக்தியும் கூடும். வீணாகும் புகையைக் கொண்டே இந்த வேலையைச் செய்யும் யோசனைக்கு ஸ்விட்சர்லாந்தின் ஆல்ஃபிரட் பூக்கி 1905-ல் காப்புரிமை பெற்றார். கார்களில் உள்ள சிறிய டர்போக்கள் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கும் மேல், சில இரண்டு லட்சம் சுற்று வரை சுழல்கின்றன.

இதில் இரண்டு வகை உண்டு. முதல் வகையில் அழுத்தம் அளவுக்கு மீறும்போது ஒரு கதவு திறந்து, புகையின் ஒரு பகுதியை வேறு வழியாக வெளியேற்றிவிடும். இதற்கு வேஸ்ட்கேட் என்று பெயர். இரண்டாவது வகையில், விசிறியைச் சுற்றியுள்ள தகடுகள் சாய்ந்து புகையின் வேகத்தை மாற்றும். இது வி.ஜி.டி. மாருதியின் 1.3 லிட்டர் டீசல் எஞ்சினில் 75 குதிரைத்திறன் கொண்டது முதல் வகை, 90 குதிரைத்திறன் கொண்டது இரண்டாவது வகை. கதவையோ தகடுகளையோ அசைக்கும் கைதான் ஆக்சுவேட்டர். காற்றழுத்தத்தாலோ, வேக்குவத்தாலோ, சிறிய மோட்டாராலோ அது இயங்கும்.

டர்போவிலிருந்து எஞ்சினுக்குப் போகும் வழியில் ரப்பர் ஹோஸ்களும் கிளாம்ப்களும் இருக்கின்றன. பல வண்டிகளில் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரும், பெரும்பாலான வண்டிகளில் புகையின் ஒரு பகுதியைத் திரும்ப உள்ளே அனுப்பும் ஈ.ஜி.ஆர். வால்வும் உண்டு. டர்போ மாற்றும்போது இவற்றில் பாதியைக் கழற்றித்தான் ஆக வேண்டும். சந்தேகம் முதலில் இவற்றின் மேல் விழ வேண்டியதும் அதனால்தான்.

என்னென்ன வேண்டும்?

லேப்டாப் தவிர உங்களுக்கு வேண்டியது ஓ.பி.டி. அடாப்டர் என்னும் ஒரு சிறிய பொருள் மட்டுமே. ஸ்டீயரிங்குக்குக் கீழே, டேஷ்போர்டின் அடியில் 16 பின்கள் கொண்ட ஒரு சாக்கெட் இருக்கும். அதுதான் ஓ.பி.டி. சாக்கெட். அமெரிக்காவில் 1996 முதல் எல்லாக் கார்களிலும் இது கட்டாயமானது. இந்தியாவில் பாரத் ஸ்டேஜ் 4 கார்களுக்கு 2010 ஏப்ரல் முதல் ஓ.பி.டி. முதல் கட்டமும், 2013 ஏப்ரல் முதல் இரண்டாம் கட்டமும் வந்தன. அதற்கு முந்தைய சி.ஆர்.டி.ஐ. கார்களிலும் இதே சாக்கெட் இருக்கலாம். ஆனால் அவற்றில் சில, பொதுவான சாஃப்ட்வேருக்குப் பதில் தராது.

அடாப்டர்களில் மூன்று வகை கிடைக்கின்றன.

1. யு.எஸ்.பி. அடாப்டர்: லேப்டாப்புக்கு இதுவே சிறந்தது. இணைப்பு அடிக்கடி அறுந்து போகாது.

2. ப்ளூடூத் அடாப்டர்: லேப்டாப்புக்கும் ஆண்ட்ராய்டு போனுக்கும் பொருந்தும்.

3. வைஃபை அடாப்டர்: ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு உதவும்.

இவற்றில் பெரும்பாலானவை இ.எல்.எம். 327 என்ற பெயரில் விற்கப்படுகின்றன. கனடாவின் எல்ம் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் உருவாக்கிய சிப் இது. அந்த நிறுவனம் 2022-ல் மூடப்பட்டுவிட்டது. அதன் முதல் பதிப்பில் நகல் எடுப்பதைத் தடுக்கும் வசதி இல்லாததால் நகல்கள் பெருகின. மிக மலிவான சில நகல்களில் பெட்டி மேல் புதிய பதிப்பு எண் இருந்தாலும் சில கட்டளைகள் வேலை செய்யாது. எனவே விலை ஒன்றை மட்டும் பார்க்காமல், திருப்பித் தரும் வசதி உள்ள இடத்தில் வாங்குங்கள்.

சாஃப்ட்வேரைப் பொறுத்தவரை, மறைமலைநகரில் தயாரான ஃபோர்டு கார்களுக்கு விண்டோஸில் இயங்கும் ஃபோர்ஸ்கேன் மிகவும் ஏற்றது. பழுது பார்க்கத் தேவையான வசதிகளை இலவசமாகவே பயன்படுத்தலாம். மற்ற கார்களுக்கு ஆண்ட்ராய்டு போனில் டார்க் அல்லது கார் ஸ்கேனர் போன்ற ஆப்களில் பதிவு செய்து, அந்தக் கோப்பை லேப்டாப்புக்கு மாற்றிப் பார்க்கலாம்.

ப்ளூடூத் அடாப்டரை இணைப்பது எப்படி?

1. எஞ்சினை அணைத்துவிட்டு அடாப்டரைச் சாக்கெட்டில் செருகுங்கள். பிறகு சாவியை ஆன் நிலைக்குத் திருப்புங்கள். எஞ்சினை ஸ்டார்ட் செய்ய வேண்டாம்.

2. லேப்டாப்பில் செட்டிங்ஸ் சென்று ப்ளூடூத் பகுதியைத் திறந்து புதிய சாதனத்தைச் சேருங்கள். விண்டோஸ் 11-ல் அடாப்டரின் பெயர் வரவில்லை என்றால், அதே பக்கத்தில் உள்ள ப்ளூடூத் டிவைசஸ் டிஸ்கவரி என்பதை டிஃபால்ட்டிலிருந்து அட்வான்ஸ்டு என்று மாற்றிவிட்டு மீண்டும் தேடுங்கள்.

3. பாஸ்வேர்டு கேட்டால் 1234 அல்லது 0000 என்று கொடுத்துப் பாருங்கள்.

4. மோர் ப்ளூடூத் செட்டிங்ஸ் என்பதைத் திறந்து காம் போர்ட்ஸ் என்ற டேபைப் பாருங்கள். இன்கமிங், அவுட்கோயிங் என்று இரண்டு போர்ட்கள் இருக்கலாம். அவுட்கோயிங் என்று உள்ளதன் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

5. சாஃப்ட்வேரின் கனெக்ஷன் செட்டிங்கில் அந்தக் காம் போர்ட் எண்ணைத் தேர்ந்தெடுத்து, கனெக்ட் பட்டனை அழுத்துங்கள்.

இணைப்பு கிடைக்கவில்லை என்றால் பெரும்பாலும் தவறான போர்ட் எண்தான் காரணம். வேலை முடிந்ததும் அடாப்டரைக் கழற்றிவிடுங்கள். நாள்கணக்கில் செருகியே வைத்தால் பேட்டரியின் சார்ஜ் மெல்லக் குறையும்.

முதலில் பழுது எண்களைப் படியுங்கள்

இ.சி.யூ. தான் கண்ட குறைகளை எண்களாகச் சேமித்து வைத்திருக்கும். செக் எஞ்சின் விளக்கு எரியாவிட்டாலும் சில எண்கள் உள்ளே இருக்கலாம். டர்போ வேலைக்குப் பிறகு அதிகம் வருபவை இவை:

பி 0299 - கேட்ட அளவு அழுத்தம் கிடைக்கவில்லை.

பி 0234 - அழுத்தம் அளவுக்கு மீறிவிட்டது.

பி 0045 - டர்போவைக் கட்டுப்படுத்தும் சொலினாய்டின் மின்சுற்றில் குறை.

பி 0101 - உள்ளே வரும் காற்றை அளக்கும் சென்சாரின் கணக்கு ஒத்துப்போகவில்லை.

பி 0087 - டீசல் ரெயிலில் அழுத்தம் போதவில்லை.

இங்கே ஒரு விஷயத்தை மறக்க வேண்டாம். பி 0299 வந்தால் அதற்கு "டர்போ கெட்டுவிட்டது" என்று பொருள் இல்லை. "அழுத்தம் போதவில்லை" என்பதுதான் பொருள். ஒரு கிளாம்ப் கழன்றிருந்தாலும் இதே எண் வரும். டாக்டரிடம் காய்ச்சல் என்று சொல்வது போலத்தான் இது. எதனால் காய்ச்சல் என்பது வேறு கேள்வி.

எண்களைக் கண்டதும் கிளியர் பட்டனை அழுத்திவிடாதீர்கள். முதலில் திரையை ஸ்கிரீன்ஷாட் எடுத்துச் சேமியுங்கள். ஃப்ரீஸ் ஃப்ரேம் என்று ஒன்று இருந்தால் அதையும் சேமியுங்கள். பழுது வந்த அந்த நேரத்தில் வேகம், ஆர்.பி.எம்., எஞ்சின் சூடு எவ்வளவு என்பதை அது சொல்லும். அழித்தால் இதுவும் சேர்ந்து போய்விடும்.

எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமலே ஒரு சோதனை

சாவி ஆன், எஞ்சின் ஆஃப் என்ற நிலையில் இரண்டு அளவுகளைப் பாருங்கள். ஒன்று பாரோ, அதாவது வெளிக்காற்றின் அழுத்தம். மற்றொன்று மேப், அதாவது எஞ்சினுக்குள் போகும் குழாயில் உள்ள அழுத்தம். எஞ்சின் ஓடாதபோது இரண்டு இடத்திலும் இருப்பது ஒரே காற்றுதான். எனவே இரண்டு எண்களும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும்.

கள்ளக்குறிச்சியில் இது சுமார் 100 கிலோபாஸ்கல் இருக்கும். மலையில் குறையும். சின்னக் கல்வராயனின் சராசரி உயரம் 2,700 அடி என்பார்கள். அந்த உயரத்தில் சுமார் 92 கிலோபாஸ்கல்தான். 4,000 அடி உயரமுள்ள பெரிய கல்வராயனில் 88-ஐ ஒட்டி இருக்கும்.

மேப் மட்டும் 120 என்றோ 70 என்றோ காட்டினால், சென்சாரோ அதன் வயரோ சரியில்லை. டர்போ மாற்றும்போது அந்தச் சென்சாரின் பிளக் சரியாக மாட்டப்பட்டதா, முனையில் எண்ணெயும் கரியும் படிந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஒரு பைசா செலவில்லாத சோதனை இது.

மலையில் தயக்கம் ஏன் அதிகம் தெரிகிறது என்பதற்கும் இதில் பதில் இருக்கிறது. எஞ்சினுக்கு 200 கிலோபாஸ்கல் வேண்டும் என்றால், கீழே 100-ஐ இரண்டு மடங்காக்கினால் போதும். மேலே 88-ஐ 200 ஆக்க வேண்டும். அதற்கு டர்போ இன்னும் வேகமாகச் சுழல வேண்டும். சமவெளியில் சமாளித்துவிட்ட சிறு கசிவு, மேட்டில் சமாளிக்க முடியாததாகிவிடுகிறது.

ஓட்டிக்கொண்டே பதிவு செய்வது

நின்ற இடத்தில் ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் இந்தப் பழுது தெரியாது. எஞ்சினுக்குச் சுமை இருந்தால்தான் டர்போ வேலை செய்யும். எனவே ஓட்டித்தான் பார்க்க வேண்டும். கட்டாயம் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் ஓட்டுவதை மட்டும் பார்க்க வேண்டும். மற்றவர் பக்கத்துச் சீட்டில் லேப்டாப்பையோ போனையோ பார்த்துக்கொள்ள வேண்டும். ஓட்டுபவர் திரையைத் திரும்பிக்கூடப் பார்க்கக் கூடாது.

பதிவுக்கு இந்த ஐந்து அளவுகள் போதும்: ஆர்.பி.எம்., ஆக்ஸிலேட்டர் மிதியின் அளவு, மேப், மேஃப் எனப்படும் காற்றின் எடை, டீசல் ரெயில் அழுத்தம். இருக்கும் எல்லாவற்றையும் டிக் செய்துவிடாதீர்கள். அடாப்டர் ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்குவதால், எண்ணிக்கை கூடக் கூட இடைவெளியும் கூடும். தயக்கமே ஒன்றிரண்டு விநாடிதான். இடையில் அது தப்பிவிடும். உங்கள் சாஃப்ட்வேரில் "கேட்ட அழுத்தம்" என்ற அளவும் கிடைத்தால், அதை அவசியம் சேருங்கள். ஃபோர்ஸ்கேன் போல ஒரு கம்பெனிக்கென்றே உள்ள சாஃப்ட்வேர்களில் இது கிடைக்க வாய்ப்பு அதிகம்.

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வரை சாதாரணமாக ஓட்டி எஞ்சினைச் சூடாக்குங்கள். கோமுகி அணையைத் தாண்டி ஏற்றம் தொடங்கியதும் பதிவை ஆரம்பியுங்கள். போக்குவரத்து இல்லாத, பார்வைக்குத் தெளிவான ஏற்றத்தில், மூன்றாவது கியரில், சுமார் 1,500 ஆர்.பி.எம்.-லிருந்து மிதியை முழுதாக அழுத்தி 3,000 வரை கொண்டு போங்கள். வளைவுகளில் இதைச் செய்ய வேண்டாம். இதுபோல் மூன்று முறை செய்தால் போதும். ஏதாவது விசில் சத்தமோ காற்று சீறும் சத்தமோ கேட்டால், புகையின் நிறம் மாறினால், அந்த நேரத்தை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

எக்செல்லில் கிராஃப் வரைவோம்

பல ஆப்கள் பதிவை சி.எஸ்.வி. கோப்பாகத் தரும். அதை எக்செல்லிலோ இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க்கிலோ திறக்கலாம். ஒவ்வொரு வரியும் ஒரு நேரம். ஒவ்வொரு நெடுவரிசையும் ஓர் அளவு.

1. மிதியை முழுதாக அழுத்திய இடத்தைத் தேடி, அதற்கு முன்னும் பின்னும் சுமார் பத்து விநாடிக்கான வரிகளை மட்டும் காப்பி செய்து புதிய ஷீட்டில் பேஸ்ட் செய்யுங்கள்.

2. நேரம், ஆர்.பி.எம்., மேப் ஆகியவற்றைத் தேர்ந்தெடுத்து, இன்செர்ட் மெனுவில் சார்ட் பகுதிக்குச் சென்று ஸ்கேட்டர் வகையைக் கிளிக் செய்யுங்கள்.

3. ஆர்.பி.எம். ஆயிரக்கணக்கிலும் மேப் நூற்றுக்கணக்கிலும் இருப்பதால், மேப் கோடு தரையோடு ஒட்டிக்கிடக்கும். அந்தக் கோட்டின் மேல் ரைட் கிளிக் செய்து, ஃபார்மட் பகுதியில் செகண்டரி ஆக்ஸிஸ் என்பதைத் தேர்ந்தெடுங்கள். இரண்டும் தெளிவாகத் தெரியும்.

4. மேப் அளவிலிருந்து பாரோ அளவைக் கழித்தால் டர்போ கூட்டிய அழுத்தம் கிடைக்கும். இதற்கு ஒரு நெடுவரிசையை ஒதுக்கிக் கழித்தல் சூத்திரம் போட்டு, கீழே இழுத்துவிடுங்கள்.

பொதுவான ஓ.பி.டி. முறையில் மேப் அளவு பெரும்பாலும் 255-க்கு மேல் காட்டாது. கோடு 255-ல் தட்டையாக நின்றால் அது பழுதல்ல, அளவுகோலின் எல்லை.

கோடுகள் என்ன சொல்கின்றன?

இனி முக்கியமான பகுதிக்கு வருவோம். மேஃப் சென்சார் ஏர் ஃபில்டருக்கு அடுத்து, டர்போவுக்கு முன்னால் இருக்கிறது. மேப் சென்சார் டர்போவுக்குப் பின்னால் இருக்கிறது. எனவே இந்த இரண்டையும் சேர்த்துப் படித்தால், குறை டர்போவுக்கு முன்னாலா பின்னாலா என்று பிரித்துவிடலாம்.

மேஃப் நன்றாக இருக்கிறது, மேப் குறைவு: காற்று உள்ளே வருகிறது, எஞ்சினைச் சேரவில்லை. அதாவது டர்போவுக்குப் பின்னால் கசிகிறது. ஹோஸில் விரிசல், கிளாம்ப் சரியாக உட்காராதது, இன்டர்கூலரில் ஓட்டை ஆகியவை காரணங்கள். இ.சி.யூ. மேஃப் கணக்கை நம்பி டீசல் தருவதால் கருப்புப் புகையும் வரும். குறைந்த ஆர்.பி.எம்.-ல் தயங்கி, பிறகு திடீரென்று இழுக்கும் வண்டிகளில் இதை முதலில் சந்தேகிக்கலாம். டர்போ வேகம் பிடித்த பிறகு சிறு கசிவை அது ஈடுகட்டிவிடும்.

மேஃப், மேப் இரண்டும் குறைவு: காற்றே போதுமான அளவு வரவில்லை. ஏர் ஃபில்டர் அடைப்பு, நசுங்கிய குழாய், திறந்தே நிற்கும் ஈ.ஜி.ஆர்., அல்லது டர்போ வேகம் பிடிக்காதது. பழைய டர்போ எண்ணெயைக் கக்கியிருந்தால், சைலன்சர் வழியில் உள்ள கேட்டலிடிக் கன்வெர்ட்டரோ, டி.பி.எஃப். ஃபில்டரோ அடைத்திருக்கலாம். புகை வெளியேறாவிட்டால் எந்த டர்போவும் சுழலாது.

கேட்ட அழுத்தம் உடனே ஏறுகிறது, கிடைத்த அழுத்தம் தாமதமாக ஏறுகிறது: உதாரணமாக 1,800 ஆர்.பி.எம்.-ல் கேட்டது 190, கிடைத்தது 130. பிறகு 2,600-ல் இரண்டும் சமம். கசிவு இல்லை என்று உறுதியானால் ஆக்சுவேட்டரைப் பார்க்க வேண்டும். வேக்குவம் ஹோஸ் வெடித்திருக்கலாம், சொலினாய்டில் இரண்டு ஹோஸ்களை இடம் மாற்றி மாட்டியிருக்கலாம். மோட்டார் வகை என்றால் புது ஆக்சுவேட்டரை இ.சி.யூ.வுக்கு அறிமுகம் செய்யும் வேலை விடுபட்டிருக்கலாம்.

அழுத்தம் அளவுக்கு மீறி ஏறி, உடனே சக்தி போய்விடுகிறது: பி 0234 வரும். வண்டி லிம்ப் மோடுக்குப் போய்விடும். சாவியை அணைத்துப் போட்டால் மீண்டும் சரியாகும். வேஸ்ட்கேட்டோ தகடுகளோ சிக்கிக்கொள்வது இதற்குக் காரணம்.

காற்று சரி, ரெயில் அழுத்தம் சரிகிறது: ஐடிலில் பொதுவாக 250 முதல் 350 பார் வரை இருக்கும். முழு மிதியில் 1,000 பாருக்கு மேல் ஏற வேண்டும். பல எஞ்சின்களில் 1,600 வரை போகும். மிதிக்கும்போது ஏறாமல் கீழே சரிந்தால் குறை டீசல் பக்கம். டீசல் ஃபில்டரிலிருந்து தொடங்குங்கள். இங்கே டர்போவுக்குச் சம்பந்தமே இல்லை.

மேப் சரி, ரெயில் சரி, மேஃப் மட்டும் குறைவு, புகையும் இல்லை: மேஃப் சென்சாரில் தூசி படிந்திருக்கலாம். காற்று குறைவு என்று நம்பி இ.சி.யூ. டீசலைக் குறைத்துவிடுகிறது. இதை ஒரு கணக்குப் போட்டுச் சரிபார்க்கலாம். ஃபிகோவின் 1.4 லிட்டர் எஞ்சின் 2,000 ஆர்.பி.எம்.-ல் நிமிடத்துக்கு 1,000 முறை முழுக் கொள்ளளவைப் புதுப்பிக்கும். அது 1,400 லிட்டர், விநாடிக்கு 23 லிட்டர். சாதாரணக் காற்று லிட்டருக்கு சுமார் 1.2 கிராம். ஆக 27 கிராம் சொச்சம். மேப் 200 என்று காட்டினால் காற்று இரண்டு மடங்கை நெருங்க வேண்டும். சூட்டுக்கும் நிரம்பாத அளவுக்கும் கழித்தாலும் முழு மிதியில் 40 கிராமை ஒட்டி வர வேண்டும். மேஃப் 25 மட்டும் காட்டினால் அந்தச் சென்சார் சொல்வது நம்பத்தக்கதல்ல.

கண்ணால் பார்க்க வேண்டியவை

கோடுகள் வழிகாட்டிய பிறகு பானட்டைத் திறந்து பாருங்கள். எஞ்சின் ஆறிய பிறகே கை வையுங்கள். ஹோஸ் இணைப்புகளில் புதிய எண்ணெய்க் கசிவு, கரி படிந்த தடம் இருந்தால் அங்கே காற்றும் கசிகிறது என்று பொருள். ஒர்க்ஷாப்பில் புகை விட்டுப் பார்க்கும் ஸ்மோக் டெஸ்ட் வசதி இருந்தால் கண்ணுக்குத் தெரியாத கசிவும் தெரிந்துவிடும். புது டர்போவின் தகட்டில் உள்ள பார்ட் நம்பரைப் பழையதோடு ஒப்பிடுங்கள். பார்க்க ஒன்று போலவே இருந்தாலும் உள் அமைப்பு வேறாக இருக்கலாம். டர்போவில் உள்ள ஸ்டாப் ஸ்க்ரூவைத் திருகிச் சரிசெய்ய யாரையும் அனுமதிக்காதீர்கள். அது தொழிற்சாலையில் அளந்து வைக்கப்பட்டது.

பழைய டர்போ ஏன் போனது என்ற கேள்விக்கும் பதில் வேண்டும். எண்ணெய் சரியாகப் போகாததே பல டர்போக்களின் முடிவுக்குக் காரணம். எண்ணெய் கொண்டு வரும் சிறு குழாய் கரியால் அடைத்திருந்து, அதை மாற்றாமல் புது டர்போவை மட்டும் போட்டால் அதுவும் சீக்கிரம் போய்விடும். பழைய டர்போ கக்கிய எண்ணெய் இன்டர்கூலருக்குள் தேங்கியிருந்தால் அதையும் வடித்தாக வேண்டும். அந்த எண்ணெயை எஞ்சின் உறிஞ்சினால், சாவியை அணைத்தாலும் நிற்காமல் தறிகெட்டு ஓடும் ஆபத்து உண்டு. மாற்றிய முதல் சில நாட்கள் லேசான நீலப் புகை வந்தால், அது சைலன்சரில் மிஞ்சிய எண்ணெயாக இருக்கலாம். தொடர்ந்து வந்தால் மட்டும் காட்டுங்கள்.

மெக்கானிக்கிடம் எப்படிச் சொல்வது?

"பிக்கப் இல்லை" என்று மட்டும் சொன்னால் அவர் ஊகிக்கத்தான் வேண்டும். அதற்குப் பதிலாக, "சூடான எஞ்சினில், மூன்றாவது கியரில், 1,800-க்கும் 2,400-க்கும் நடுவில் மேப் ஏறவில்லை. மேஃப் சரியாக இருக்கிறது. கருப்புப் புகை வருகிறது" என்று சொல்லி, கிராஃபைப் பிரின்ட் எடுத்துக் கையில் கொடுங்கள். அனுபவமுள்ள மெக்கானிக் நேரே ஹோஸ் பக்கம்தான் போவார். வேலை முடிந்ததும் அதே ஏற்றத்தில், அதே கியரில், அதே ஐந்து அளவுகளை மீண்டும் பதிவு செய்து பழைய கிராஃபின் மேல் வைத்துப் பாருங்கள். இரண்டு கோடுகளுக்கும் உள்ள வித்தியாசமே சரியானதா இல்லையா என்று சொல்லிவிடும்.

வண்டி நன்றாக ஓடும் நாளிலேயே ஒருமுறை பதிவு செய்து, தேதி போட்டு ஒரு ஃபோல்டரில் வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்குத் தயக்கம் வந்தால் ஒப்பிட அதைவிட நல்ல அளவுகோல் வேறில்லை. பத்து ரூபாய் கிளாம்புக்காக இரண்டாவது டர்போ வாங்கும் செலவு மிச்சமாகும்.